கூடுதல் நாற்பது

கோடு போட்ட தாள் கொடுத்ததற்கு முதலில் நன்றி. கோடு இல்லாத தாளில் எழுதினால் என் வரிகள் வலது பக்கம் போகப் போக மாடிப்படி ஏறும், பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தான். உங்கள் பேனாவும் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. நேற்று அந்த மரப்பெஞ்சில் தலையைச் சாய்த்ததுதான் தெரியும், அடித்துப் போட்டாற்போல் தூங்கிவிட்டேன். காலையில் பல் தேய்க்கும்போது பாட்டு வேறு வந்தது. வாசலில் நின்ற காவலர், "என்ன சார், ஜாமீன் கெடச்ச மாதிரி இருக்கீங்க?" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"நடந்தத நடந்தபடி எழுதுங்க சார், கதை மட்டும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். சரி, அதிகாரி அம்மா. என் தங்கையின் கணவர் எங்கள் ஆய்வகத்தில் மின்சாரம் தாக்கி இறந்தது விபத்து என்று நீங்கள் எழுதி முடித்து, கதவைப் பூட்டி, பூட்டுக்கு அரக்கு வைத்துவிட்டுப் போய் இன்றோடு பத்தொன்பது நாள். நேற்று நானாக வந்து, அது விபத்து இல்லை என்றேன். நீங்கள் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தீர்கள். துக்கத்தில் ஏதோ பேசுகிறார் என்று நினைத்தீர்கள் போலிருக்கிறது. துக்கம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் வந்தது அந்த அரக்கு விஷயமாக.

என் வேலை என்னவென்று தெரியாமல் மற்றது விளங்காது. பயப்படாதீர்கள், அரைப் பக்கம்தான். ஹைட்ரஜன் அணுவிலிருந்து அதன் எலக்ட்ரானைப் பிடுங்கிவிட்டால் மிச்சம் இருப்பது ஓர் அயனி. தனி ஆள். நாங்கள் அதற்கு வைத்த பெயர் ஒண்டி. இரண்டு அணுக்கள் கைகோத்து நிற்கும்போது இரண்டுக்கும் பொதுவாக ஒரே ஓர் எலக்ட்ரானை மட்டும் பிடுங்கினால் அது ஜோடி. புத்தகத்தில் மூலக்கூறு அயனி என்று இருக்கும். இவர்களை ஆயிரக்கணக்கான வோல்ட் கொடுத்து விரட்டி, காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்த எஃகுக் குழாய்க்குள் ஓடவிட்டு, அந்தக் கோடியில் நிற்கும் தங்கத் தகட்டில் மோதவிடுவோம். மோதிய இடத்திலிருந்து எலக்ட்ரான்கள் தெறிக்கும். எத்தனை தெறித்தன என்று எண்ண வேண்டும். முப்பது வருஷமாக எனக்கு இதுதான் பிழைப்பு, இதைவிடக் குஷியான பிழைப்பு உலகத்தில் கிடையாது.

நூறு ஒண்டிகள் மோதினால் நூறு எலக்ட்ரான் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே வேகத்தில் நூறு ஜோடிகள் மோதினால் எத்தனை வர வேண்டும்? ஒரு ஜோடியில் இரண்டு பேர், ஆகவே இருநூறு. குழந்தைகூடச் சொல்லும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, என் தகட்டில் இருநூற்று நாற்பது வந்தது.

மறுநாளும் இருநூற்று நாற்பது. அதற்கு மறுநாளும் அதே. எனக்குத் தலைகால் புரியவில்லை. மாப்பிள்ளை என்னைச் சக்கர நாற்காலியில், அதாவது கணினி மேசைக்கு முன்னால் போடுவோமே அந்த உருளும் நாற்காலியில் உட்காரவைத்து, தாழ்வாரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தள்ளிக்கொண்டு ஓடினார். திரும்பி வரும்போது நான் அவரை உட்காரவைத்துத் தள்ளினேன். அவர் ஆறடிக்கு மேல், கால்கள் இரண்டும் தரையில் இழுபட்டுக்கொண்டே வந்தன. நூலகத்து அம்மாள் வெளியே வந்து, "இது ஆராய்ச்சி நிலையமா, சர்க்கஸா?" என்று கேட்டார். "சேந்து போனா கூடுதலா கெடைக்குதுங்க" என்றேன். அந்த அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டார். நினைத்தால் இப்போதும் வயிற்றுக்குள் குறுகுறுவென்கிறது.

அந்தக் கூடுதல் நாற்பதுதான் நான். பெருமைக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே என் பெயரை எல்லோரும் மறந்துவிட்டார்கள். மாநாடுகளில், "நாப்பது வந்துட்டாரா?" என்றுதான் கேட்பார்கள். கல்லூரிப் புத்தகம் ஒன்றில் என்னைப் பற்றி ஒன்றரை வரி இருக்கிறது. நான் கல்யாணம் செய்துகொள்ளாத ஒண்டிக்கட்டை. வீட்டில் ஒரு தட்டு, ஒரு தம்ளர், ஒரு தலையணை. அப்படிப்பட்டவன் கையில், கூடி நிற்பவர்களுக்குத் தனியாக ஒரு பலம் இருக்கிறது என்ற சேதி வந்து விழுந்தது வேடிக்கைதான். நான் அதைக் காதலித்தேன் என்று எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், ஆனால் அந்த வரியை அடித்துவிடாதீர்கள்.

மாப்பிள்ளை முதலில் எங்களிடம் பம்ப் பழுதுபார்க்க வந்தவர். குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் காதை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார். இரண்டு நாள் வேலைக்கு வந்தவரை நான் போகவே விடவில்லை. என் தங்கை நீச்சல் சொல்லிக்கொடுப்பவள். ஒரு நாள் நான் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொண்டுவந்தாள். எந்திரத்துக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரண்டு நீளக் கால்களைப் பார்த்து, "எங்க அண்ணன் எங்கங்க?" என்று கேட்டிருக்கிறாள். கால்கள் பதில் சொல்லின. ஆறு மாதத்தில் கல்யாணம். அன்றைக்கு என்னைப் பேசச் சொன்னார்கள். இவர்கள் இருவரும் சேர்ந்தால் இருநூற்று நாற்பது என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அப்படி ஒரு கைதட்டல் என் வாழ்நாளில் வேறு எங்கும் கிடைத்ததில்லை.

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. காலையில் ஜோடி, மத்தியானம் ஒண்டி. காரணம் ஒன்றும் பெரிதில்லை. அயனிகளை வளைத்துவிடும் காந்தம் ஜோடிக்கு அதிகமாக வேண்டும், ஒண்டிக்குக் குறைவாகப் போதும். காந்தத்தை மேலிருந்து கீழே இறக்குவது சுலபம். கீழிருந்து மேலே ஏற்றினால் சண்டித்தனம் செய்யும், நிலைக்கு வர ஒரு மணி நேரம் ஆகும். அதனால் முதல் நாள் எப்படிச் செய்தோமோ அப்படியே பதினோரு வருஷமும் செய்தோம்.

இந்த வருஷம் ஆரம்பத்தில் மாப்பிள்ளை பழைய பம்ப் ஒன்றைக் கழற்றினார். குழாயின் கண்ணாடி ஜன்னலில் உள்பக்கமாக விரலை வைத்துத் தேய்த்து, விரலை என்னிடம் காட்டினார். லேசாகப் பளபளத்தது.

"மச்சான், பம்ப் எண்ணெ ஆவி ராத்திரி பூரா உள்ள படியுது. தகட்டு மேலயும்தான் படியும். அழுக்குத் தகடுன்னா எலக்ட்ரான் கூடுதலாத்தான தெறிக்கும்?"

"தெறிக்கட்டுமே."

"காலையில அழுக்கு மேல ஜோடிய விடறோம். அடிச்சு அடிச்சு அதுவே தகட்டத் தொடச்சிருது. மத்தியானம் சுத்தமான தகட்டுல ஒண்டிய விடறோம். அப்ப அந்த நாப்பது ஜோடியோடதா, அழுக்கோடதா?"

நான் சிரித்தேன். நல்ல நகைச்சுவை என்றுதான் தோன்றியது. கொஞ்சம் அதிகமாகவே சிரித்திருப்பேன் போலிருக்கிறது, ஏனென்றால் அவர் எழுந்து போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்.

"ஒரே ஒரு நாள் மாத்தி விட்டுப் பாப்போம் மச்சான். ஒண்டி காலையில, ஜோடி மத்தியானம். நாப்பது அப்பவும் வந்துச்சுன்னா நானே உங்களத் தோள்ல தூக்கிட்டு ஊரச் சுத்தி வரேன்."

நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. அடுத்த வாரம் என்றேன். அடுத்த வாரம் காந்தம் சூடாகிறது என்றேன். அதற்கு அடுத்த வாரம் எனக்குப் பல்வலி. மூன்று மாதம் இப்படிப் போயிற்று. அவர் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தவில்லை, வெளியாள் யாரிடமும் வாய் திறக்கவும் இல்லை. அந்த நல்ல குணம்தான் எனக்குத் தாங்கவில்லை. தினமும் காலையில் வந்து என் முகத்தைப் பார்ப்பார், இன்றைக்கு இல்லை என்று தெரிந்ததும் மேல்சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார்.

இதற்கிடையில் அந்த நாற்பதுக்காகவே ஒரு மாநாடு கூட்டப்போகிறார்கள் என்று கடிதம் வந்தது. முதல் உரை என்னுடையது. ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் என் தட்டையே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"அண்ணா, இவரு சரியாவே சாப்பிடறதில்ல. நீ மேடையில நின்னு பேசினதுக்கு அப்புறம் வேற எவனாவது கண்டுபிடிச்சா உன் மானம் போயிடுமேன்னு தவிக்கிறாரு. ஒரு நாள்தான? பாத்துட்டுப் போயேன்."

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு ரொம்பப் பாவமாக இருந்தது. புதன்கிழமை செய்துவிடுவோம் என்றேன். வாய்விட்டுச் சொன்ன மறுகணமே மனசு பஞ்சு மாதிரி லேசாகிவிட்டது. தங்கை என் முதுகில் ஒன்று வைத்து, "அண்ணான்னா அண்ணாதான்" என்றாள். அன்றைக்கு நான் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். அப்போதே முடிவு செய்துவிட்டேனா என்று கேட்பீர்கள். எதையோ முடிவு செய்துவிட்ட நிம்மதி இருந்தது; எதை என்று செவ்வாய்க்கிழமை மாலைதான் தெரிந்தது.

அயனிகள் பிறக்கும் பெட்டி ஒரு கம்பிக் கூண்டுக்குள் இருக்கிறது. எந்திரம் ஓடும்போது அந்தப் பெட்டி முழுவதும் மின்சாரம். கூண்டுக் கதவைத் திறந்தால் ஒரு சுவிட்ச் தானாக மின்சாரத்தை வெட்டிவிடும். உள்ளே போனதும் எர்த் கம்பியால், அதாவது மரக்கைப்பிடி போட்ட ஒரு செம்புத் தடியால், பெட்டியைத் தொட வேண்டும். மிச்சம்மீதி மின்சாரம் தரைக்குப் போய்விடும். கதவுக்கு மேல் ஒரு சிவப்பு விளக்கும் உண்டு. அது வைத்த நாளிலிருந்து தன் இஷ்டத்துக்கு எரியும், அணையும். நாங்கள் யாரும் அதை மதிப்பதில்லை.

எங்கள் ஆட்கள் பார்ப்பது முள்ளைத்தான். தங்கத் தகட்டில் அயனி விழுந்தால் மீட்டரில் முள் ஏறும். மின்சாரம் இல்லை என்றால் அயனி இல்லை, முள் சுழியத்தில் படுத்துவிடும். பதினோரு வருஷத்தில் முள் ஒரு பொய் சொன்னதில்லை. வெளியாள் விளக்கைப் பார்ப்பான், நாங்கள் முள்ளைப் பார்ப்போம். இதில் ஒரே ஓர் ஓட்டை. குழாய்க்கு நடுவில் ஒரு ஷட்டர் இருக்கிறது. அதை மூடிவிட்டால் கூண்டில் மின்சாரம் இருந்தாலும் தகட்டுக்கு எதுவும் போகாது, முள் தூங்கும். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ரொம்ப நன்றாகத் தெரிந்ததாலேயே யாருக்கும் நினைவு வராது.

புதன்கிழமை காலை ஏழு மணிக்குப் போனேன். உங்களிடம் பகல் பன்னிரண்டு மணிக்கு வந்ததாகச் சொன்னது தவறு, மன்னிக்க வேண்டும். அருமையான காலை. தாழ்வாரத்தில் வெயில் நீளமாக விழுந்திருந்தது, நான் கட்டம் விட்டுக் கட்டம் தாண்டித் தாண்டிப் போனேன். கதவு சுவிட்சின் நாக்கை ஒரு காகித கிளிப்பால் அமுக்கிவைத்தேன். எர்த் கம்பியின் ஒயர் தரையோடு சேரும் இடத்தில் ஒரு திருகு இருக்கிறது. அதை இரண்டரைச் சுற்று தளர்த்தினேன். ஷட்டரை மூடினேன். மின்சாரத்தை ஏற்றினேன். ஒண்டிக்குப் பதினைந்தாயிரம் வோல்ட் போதும். நான் ஜோடிக்கு வைக்கிற முப்பதாயிரத்தில் வைத்தேன். மாப்பிள்ளை நல்ல உயரம், போதாமல் போய் அவர் கஷ்டப்படக் கூடாது.

எட்டரைக்கு வந்தார். முகம் அப்படி மலர்ந்திருந்தது. "மச்சான், நெசமாவே பண்றோமா?" என்றார். நெசமாவே என்றேன். இருவருமே கொஞ்சம் கிறுக்குப் பிடித்தமாதிரி சிரித்துக்கொண்டிருந்தோம். பெட்டியில் வாயு கொஞ்சம் அதிகமாக வருகிறது, வால்வை ஒரு சுற்றுக் குறைத்துவிடுங்கள் என்றேன். அவர் தினமும் செய்கிற வேலைதான்.

"ஆஃப் பண்ணிட்டீங்களா?"

"முள்ளப் பாருங்க மாப்பிள்ளை."

பார்த்தார். முள் சுழியத்தில் படுத்திருந்தது. கவனியுங்கள், நான் ஆஃப் செய்துவிட்டேன் என்று சொல்லவில்லை. முள்ளைப் பாருங்கள் என்றேன், முள் இருந்த இடத்தில்தான் இருந்தது. அவர் கவனமான ஆள். கதவைத் திறந்தார், உள்ளே போனார், எர்த் கம்பியால் பெட்டியைத் தொட்டார். பொறி எதுவும் வரவில்லை. வராவிட்டால் பெட்டியில் மிச்சம் ஏதும் இல்லை என்று அர்த்தம் எடுத்துக்கொள்வோம். கம்பியைப் பெட்டியிலேயே மாட்டிவிட்டு, "நாப்பது வரட்டும் மச்சான், நானும் அதத்தான் வேண்டிக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டினார்.

பாதுகாப்புச் சுற்று உடனே மின்சாரத்தை வெட்டிவிட்டது. நல்ல எந்திரம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். சுவரில் முதலுதவிப் படம் மாட்டியிருக்கிறது. அதன் முன் நின்று ஆறு கட்டங்களையும் நிதானமாகப் படித்தேன். தெளிவாக எழுதியிருக்கிறார்கள். படித்து முடித்துத் திரும்பிப் பார்த்தபோது அவசரம் எதுவும் மிச்சமில்லை.

கிளிப்பை எடுத்தேன், எர்த் கம்பியைப் பெட்டியிலிருந்து கழற்றினேன், திருகை முடுக்கினேன். அவரைப் பெட்டியிலிருந்து இரண்டடி தள்ளி இழுத்துப் படுக்கவைத்து, கழற்றி மாட்டியிருந்த மேல்சட்டையைக் கொண்டுவந்து மேலே போட்டேன். பிறகு உட்கார்ந்து யோசித்தேன். எந்திரம் சூடாகி, தயாராக, குளித்து உடுத்தின மாதிரி நிற்கிறது. அவருடைய கடைசி ஆசையும் அதுதான். அதை நிறைவேற்றாமல் விட்டால் நான் மனுஷனே இல்லை. கூண்டை மூடினேன், மின்சாரத்தைத் திரும்ப ஏற்றிப் பதினைந்தாயிரத்தில் வைத்தேன், ஷட்டரைத் திறந்தேன். அவர் கேட்டபடியே ஒண்டியை முதலில் விட்டேன். அடுத்து ஜோடி. எட்டரைக்கும் உங்களுக்குத் தொலைபேசியில் சொன்ன பன்னிரண்டேகாலுக்கும் நடுவில் நடந்தது இதுதான்.

தங்கை இன்னும் நீச்சல் குளத்துப் பக்கம் போகவில்லை. என் தோளில் சாய்ந்து அழுதபோது, "அவரு ஆசப்பட்டதுக்கு நீ ஒத்துக்கிட்டியே அண்ணா, அந்த சந்தோஷத்தோடதான் வீட்ட விட்டுப் போனாரு" என்றாள். அது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா. அவள் கேட்டால் இந்தத் தாள்களை நீங்களே காட்டிவிடுங்கள். நான் சொன்னால் பாதியில் சிரித்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

இனி அரக்கு விஷயம். விபத்து என்று எழுதியதால் எந்திரம் ஆபத்தானது என்று ஆகிவிட்டது. மாதக் கடைசியில் அதைக் கழற்றித் துண்டு துண்டாக எடுத்துப்போகிறார்களாம். இது அநியாயம், அதிகாரி அம்மா. எந்திரத்தின்மேல் ஒரு குற்றமும் இல்லை. என் தங்கை புருஷனைக் கொன்றது நான்தான், தெரிந்தே, திட்டமிட்டு, என் இரண்டு கையால். கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். விபத்து இல்லை என்று ஆனால் பூட்டு வைக்கவும் காரணம் இல்லை. நேற்று உங்கள் வாசற்படி ஏறும்போதே எனக்கு இந்த யோசனை வந்துவிட்டது, அதனால்தான் பாட்டு.

அன்றைக்கு என்ன எண்ணிக்கை வந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. மறைக்க விருப்பமில்லை, அதனால் எழுதிவிடுகிறேன். காலையில் விட்ட நூறு ஒண்டிகளுக்கு நூற்றிருபது. பிறகு விட்ட நூறு ஜோடிகளுக்குச் சரியாக இருநூறு. இதை வைத்து நீங்கள் அவசரப்பட்டு எந்த முடிவுக்கும் வரக்கூடாது. ஒருவரை இழுத்துக் கிடத்திய கை லேசாக நடுங்கத்தான் செய்யும். காந்தத்தைக் கீழிருந்து ஏற்ற வேண்டியிருந்தது. கூண்டுக்குள் ஓர் ஆள் படுத்திருந்தார். எந்த வகையில் பார்த்தாலும் அது ஒழுங்கான அளவீடு இல்லை. தயவுசெய்து என்னை ஒரே ஒரு நாள் அழைத்துப் போங்கள், விலங்கு வேண்டுமானால் மாட்டிக்கொள்ளுங்கள். வழக்கம்போல ஜோடியைக் காலையில் விட்டு அளந்து காட்டுகிறேன், இருநூற்று நாற்பது வருவதை நீங்களே உங்கள் கண்ணால் பார்க்கலாம்.